'அண்ட் சன்ஸ்' இருக்கட்டும், தட்டினவர் யார் மகன்?

பழைய சென்னையைப் பற்றிய பக்கங்களில் ஒரு வெள்ளி டீ பொட் படம் திரும்பத் திரும்பச் சுற்றும். நீங்களும் பார்த்திருப்பீங்க. உடம்பு முழுக்கச் சாமி உருவங்கள், கைப்பிடி ஒரு நாகம், அடியில் 'பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று முத்திரை. கீழே நம்ம ஆட்களின் பின்னூட்டம் வரிசை கட்டி நிற்கும். என்ன வேலைப்பாடு, அந்தக் காலத்துக் கம்பெனின்னா கம்பெனி, என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு எரிகிறது. அந்தச் சாமிகளில் ஒன்றைக்கூட வெள்ளைக்காரன் தட்டவில்லை.

கொட்டகலையில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸ் நகைக்கடையோடு உனக்கென்ன வம்பு என்று கேட்கலாம். வம்பு இருக்கிறது. அந்த டீ பொட்டும் எங்கள் கொள்ளுப்பாட்டிமாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே மாகாணத்தில் இருந்து வெளியே போனவர்கள். ஒன்று அரண்மனைக்குப் போனது. மற்றது மன்னார் வழியாக நடந்து மலைக்கு வந்தது. முதலாவதுக்கு மட்டும் வரலாறு எழுதி, அதற்கு லைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கம்பெனி கதை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர் ஓர் என்ற கடிகாரக்காரர் மெட்ராஸில் தொழில் தொடங்கினார். பிறகு மகன்மார் சேர்ந்தார்கள், பெயரில் 'அண்ட் சன்ஸ்' ஏறியது. மவுண்ட் ரோட்டில் கோபுரக் கடிகாரத்தோடு பெரிய கட்டடம் எழுந்தது. கடிகாரம், வைரம், வெள்ளி என்று கவர்னர் மாளிகைக்கும் சமஸ்தானங்களுக்கும் விற்றார்கள். பின்னாளில் கடை தமிழ்க் குடும்பமொன்றின் கைக்கு வந்தது. சென்னை மெட்ரோ வேலைக்காக அந்தக் கட்டடத்தில் ஒரு பகுதி இடிபட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் பாரம்பரியம் பேசின. செங்கல்லுக்கு அழுதார்கள். அழட்டும், நல்ல கட்டடம்தான். ஆனால் அந்தக் கூரைக்குப் பின்னால் உமி ஓட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு ஊதுகுழல் ஊதியவரின் பெயர் அந்த அழுகைகளில் எங்கேயும் வரவில்லை.

'சுவாமி வெள்ளி' என்று ஐரோப்பாவில் பெயர் எடுத்த சரக்கு அது. கோயில் சிற்பங்களில் இருக்கும் தெய்வங்களைத் தேநீர்ப் பாத்திரத்திலும் பால் குவளையிலும் சீனிக் கிண்ணத்திலும் இறக்கும் வேலை. தகட்டை அரக்கின் மேல் படுக்க வைத்து, பின்பக்கமிருந்து தட்டித் தட்டி உருவத்தை மேலே எழுப்ப வேண்டும். அப்புறம் திருப்பிப்போட்டு முன்பக்கமிருந்து கண், விரல், சலங்கை என்று சீர் செய்ய வேண்டும். ஒரு தட்டு கூடிவிட்டால் தகடு கிழியும். இது ஆண்டுக்கணக்கில் கையில் ஊறுகிற வேலை. தென்னிந்தியக் கம்மாளர் குடும்பங்களில் ஏழெட்டு வயதுப் பையன் பட்டறையில் உட்கார்ந்து பழகினால்தான் வரும். ஓர் குடும்பத்து மகன்மார் அதைப் பழகவில்லை. அவர்கள் பழகியது விற்கும் வேலை. அதுவும் ஒரு வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முத்திரை யாருடையது என்பது இங்கே ஒரு கேள்வி.

இந்த முத்திரை விவகாரம் இங்கிலாந்திலிருந்தே வந்த வழக்கம். ஷெஃபீல்டிலும் பர்மிங்ஹாமிலும் 1773இலேயே வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகங்கள் வந்துவிட்டன. பொருளில் குத்தும் நாலைந்து குறிகளில் ஒன்றைச் 'செய்தவர் குறி' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் அது சோதனைக்குப் பொருளை அனுப்பிய முதலாளியின் குறி. சுத்தியல் பிடித்தவர் யாராகவும் இருக்கலாம், அது யாருக்கும் தேவையில்லை. ஷெஃபீல்டில் 1775இல் ஜொனத்தன் மாப்பின் ஒரு வெள்ளிப் பட்டறை தொடங்கினார். இன்று 'மாப்பின் அண்ட் வெப்' என்ற பெயரில் லண்டனில் பளபளக்கிறது. அந்த மாதிரிக் குடும்பக் கம்பெனி வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். அப்பா, மகன், பேரன், மருமகன், புதுக் கடை, அரச குடும்பத்து ஆர்டர். சந்ததி வரிசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விலைப்பட்டியல்.

அதே ஷெஃபீல்டில் கரண்டியையும் கத்தியையும் சக்கரத்தில் வைத்து மினுக்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பஃபர் கேர்ள்ஸ் என்று ஊரில் பெயர். மணலும் எண்ணெயும் தெறித்து உடுப்பு நாறிவிடும் என்பதால் தலையில் துணியும் உடம்பில் பிரவுன் பேப்பரும் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்த்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது இடுப்பில் படங்கு கட்டிய எங்கள் கொழுந்துக்காரிகள்தான். இந்தப் பக்கம் கொழுந்தைப் பறித்தவளுக்கும் அந்தப் பக்கம் டீ கரண்டியை மினுக்கியவளுக்கும் நடுவில் இருந்த அத்தனை பேருக்கும் வரலாற்றில் பெயர் இருக்கிறது. தோட்டக் கம்பெனி, கப்பல் கம்பெனி, ஏல முகவர், வெள்ளிக்கடை, எல்லோருக்கும். இரண்டு முனையிலும் நின்றவர்களுக்குத்தான் இல்லை.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் மெட்ராஸுக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில் அவருக்குக் குவிந்த பரிசுகள் 1878இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன, உலகம் வாயைப் பிளந்தது. இந்திய வெள்ளிக்கு மவுசு ஏறிய காலம் அது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் 1876இலிருந்து 1878 வரை என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பஞ்சம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த 1877 ஜனவரி முதலாம் தேதி டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்து லிட்டன் தர்பார் நடத்தினார். அதே பஞ்சத்தில் சனம் கால் தண்டையையும் கைக் காப்பையும் கழற்றி விற்றுச் சோறு தின்றது. வெள்ளி நகைகள் எடைக்கணக்கில் நாணயசாலைக்கு உருக்கப் போயின. டீ பொட்டில் இருந்ததும் அந்த வெள்ளிதான் என்று நான் சொல்ல வரவில்லை. அவை ஒரே வருஷங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்த டீ பொட் படத்தைப் பகிர்கிறவர்கள் அந்த வருஷத்தையும் சேர்த்துப் பகிரட்டும்.

விற்க நகையும் தீர்ந்தவர்கள் எங்கே போனார்கள்? ஒரு பகுதி இங்கே வந்தது. 1877ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இலங்கைக்குக் கடல் கடந்தார்கள். அப்போது இது இன்னும் கோப்பிக் காலம், நோய் விழுந்து கோப்பி சாகத் தொடங்கியிருந்த காலம். தேயிலை பிறகுதான் மலையை மூடியது. மலைக்கு வந்து சேர்ந்தவர்களைத் துண்டு என்ற கடன் சீட்டு கங்காணியோடு கட்டிப்போட்டது. 1921 வரை சட்டப்படியே கட்டிப்போட்டது.

கொஞ்சக் காலத்தில் அந்தப் பெண்களின் காதில் மறுபடி தங்கம் ஏறியது. இது எப்படி நடந்தது என்று யாரும் ஒழுங்காக எழுதவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆதங்கம். கொழும்பில் ப்ளாட்டே போன்ற ஸ்டூடியோக்கள் போட்ட பழைய தபால் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். கூடை தொங்க நிற்கும் பெண், தொங்கும் காதில் தண்டட்டி, மூக்கில் மூக்குத்தி, கையில் காப்பு. அட்டையின் கீழே 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்று இருக்கும். பெயர் இருக்காது. தோட்டத்திலிருந்து நேரே டீ பொட்டுக்கு என்று விளம்பரம் செய்த லிப்டன் கம்பெனிக்கும் அதே மாதிரி ஒரு சிரிக்கும் பெண் தேவைப்பட்டாள். நகை போட்ட கூலி, சந்தோஷமான கூலி. வாங்குகிறவனுக்கு மனசாட்சி உறுத்தாது. ஆக அந்தத் தோடும்கூட விற்பனைக்குப் பயன்பட்டது, போட்டிருந்தவளுக்குத் தெரியாமலே.

வெள்ளைக்காரன் அப்படிப் பார்த்தான், சரி. நம்ம ஆட்கள்? தோட்டத்துச் சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது, கையில காசு வந்தா நகைக் கடைக்குத்தான் ஓடும், அப்புறம் அடகுக் கடைக்கு ஓடும். இந்த வசனத்தை ஆசிரியர்மார் வாயிலும் கேட்டிருக்கிறேன், நாலு எழுத்துப் படித்துவிட்டு டவுனில் வீடு எடுத்த எங்கள் சொந்தப் பொடியன்மார் வாயிலும் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது உண்மையில் இந்த வசனம்தான்.

கொஞ்சம் கடல் தாண்டிப் பார்ப்போம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்தில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் கூடி, ஆதிதிராவிடர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்று எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சனத்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே அது பதிவாகியிருக்கிறது. முதல் தடை என்ன தெரியுமா? தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. குடிசை வைத்திருக்கலாம், கூலி வேலை செய்யலாம், பட்டினி கிடக்கலாம், காதில் மட்டும் மினுங்கக்கூடாது. மீறிய இடங்களில் அடி, தீவைப்பு.

மலைக்கு வந்த சனத்தில் பெரும்பகுதி எந்தச் சாதிகளைச் சேர்ந்தது என்று நம் வீடுகளில் மெதுவாகத்தான் பேசுவார்கள். நான் சத்தமாகவே சொல்கிறேன். ஊரில் நகை போட்டால் அடி விழும் சாதிகளிலிருந்து வந்த பெண்கள் அதில் நிறையப் பேர். அவள் இங்கே பிரட்டுக் களத்தில் துரையின் முன்னால் தண்டட்டி போட்டுக்கொண்டு நின்றாள். அதை நகைப் பைத்தியம் என்கிறீர்களா? இங்கேயும் சாதி இருந்தது, லயத்துக்கு லயம் இருந்தது, கங்காணிக்கு ஒரு நகை கூலிக்கு ஒரு நகை என்றும் இருந்தது. ஆனாலும் காது அவளுடையதாக ஆனது. தோட்டம் என்ற அந்த நரகத்தில் நடந்த மிகச் சில நல்ல காரியங்களில் ஒன்றென்றே இதை நான் எண்ணுகிறேன். அழகியல் என்று புத்தகம் போடுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதட்டுமே.

அடுத்தது சேமிப்பு. சேமிப்பென்றால் காணியில் போடு, வீட்டில் போடு என்பார்கள். யாருடைய காணியில்? லயக் காம்பரா கம்பெனியுடையது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். பாக்கியை முழுசாக முடிக்க 2003 வரை ஆனது. நாளைக்கு எந்த நாட்டில் கிடப்போம் என்று தெரியாத மனுசி எதில் சேமிப்பாள்? தூக்கிக்கொண்டு போகக்கூடியதில்தான். காதில் போட்டால் கப்பலிலும் வரும், ரயிலிலும் வரும். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி விழுந்தபோது எங்கள் லயத்தில் என்ன நடந்தது என்று வயசான அம்மாமாரைக் கேட்டால் முதலில் சொல்வது பாண் கதை இல்லை, என் தோடு போச்சு என்ற கதை. அந்தத் தோடு நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. எந்த வங்கி காப்பாற்றியது?

இன்றைக்கும் வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதி கேட்பார்கள். லயத்துக்கு ஏது உறுதி? அடகு வைக்க மட்டும் உறுதி தேவையில்லை, அடையாள அட்டை போதும். அதனால்தான் பிள்ளை பல்கலைக்கழகம் போனாலும் தோடு போகிறது, சவம் விழுந்தாலும் தோடு போகிறது, மழையில் கூரைத் தகரம் பறந்தாலும் தோடு போகிறது. 2022 நெருக்கடியில் நாடு முழுக்கவே அடகுக் கடை வாசலில் நின்றது. கொழும்புப் பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாகப் போட்டன. எங்களுக்கு அது செய்தியே இல்லை.

கணக்கையும் போட்டுவிடுவோம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்த வருஷக் கடைசியில் ஒரு பவுன் இரண்டு லட்சத்தைச் சுற்றி நின்றது. வகுத்துப் பாருங்கள், 148 நாள். எங்கள் ஊரில் ஒரு நாள் சம்பளத்தைப் 'பேர்' என்போம். கிலோ குறைந்தால் அரைப் பேர். மாதம் 20 பேர் கிடைக்கிற ஒருத்தி, ஒரு பிடி அரிசிகூட வாங்காமல், ஏழு மாதத்துக்கு மேல் மலை ஏறி இறங்கினால் ஒரு பவுன். செய்கூலி, சேதாரம் தனி.

இந்தப் 'பவுன்' என்ற சொல்லும் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் தங்க நாணயம், சொவரின். 1817இலிருந்து அச்சடித்த ஒரு பவுன் காசு. எடை 7.98 கிராம், 22 கரட். நாம் அதை 8 கிராம் என்று முழுசாக்கிக்கொண்டோம். நகைக் கடைப் பலகையில் 916 என்று மினுங்கும் எண்ணும் அந்த 22 கரட் கணக்குத்தான், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அவர்களுடைய காசின் எடையில்தான் நம் தாலியை இன்னும் நிறுக்கிறோம். அவர்களுடைய வெள்ளியைத் தட்டியவரோ நம் ஊர் ஆசாரி. கொடுக்கல் வாங்கலில் எந்தப் பக்கத்தின் பெயர் நின்றது என்று பாருங்கள்.

ஒரு நண்பர் இதற்கு மறுப்புச் சொன்னார். ஓர் கம்பெனி இல்லாவிட்டால் அந்த ஆசாரிகளுக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது, கலை செத்திருக்கும் என்றார். நியாயமான பேச்சு மாதிரித் தெரிகிறது. ஆனால் இதே பேச்சைத்தான் தோட்டத் துரைமாரும் பேசினார்கள்: நாங்கள் இல்லாவிட்டால் இந்தச் சனம் பஞ்சத்தில் செத்திருக்கும். பஞ்சத்தை யார் வளர்த்துவிட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் எல்லா முதலாளியும் ரட்சகர்தான். வேலை கொடுத்தார்கள், கூலி கொடுத்தார்கள், சரி. பெயரைக் கொடுக்க என்ன செலவு? பொருளின் அடியில் இன்னொரு சின்னக் குறி. அதைக்கூடக் கொடுக்கவில்லை. சாமிக்கு இடம் இருந்த டீ பொட்டில் சாமியைச் செய்தவருக்கு இடம் இருக்கவில்லை.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு முடிப்பது சுலபம். அட்டனிலிருந்து தலவாக்கலை வரை எத்தனை நகை மாளிகை? எல்லாவற்றிலும் 'மூன்று தலைமுறைப் பாரம்பரியம்', சுவரில் மாலை போட்ட தாத்தா படம். கொழும்புச் செட்டியார் தெருவிலும் அதே சுவர், அதே மாலை. இவையும் 'அண்ட் சன்ஸ்'தான், தமிழில். பின்கட்டில் இருக்கும் பத்தரிடம் பேசிப் பாருங்கள். கண் போயிருக்கும், அமிலப் புகை நெஞ்சில் இருக்கும், மகனைக் கட்டாரில் விட்டிருப்பார். இப்போது வார்ப்பு நகை மெஷினில் வந்து இறங்குகிறது, பத்தருக்கு மிச்சம் இருப்பது அறுந்த சங்கிலிக்குப் பொடி வைப்பதும் மூக்குத்திக்குத் திருகு மாற்றுவதும். தாத்தா படத்துக்கு மாலை போடுகிற கடை எதிலும் பத்தரின் படம் ஒன்றை நான் பார்க்கவில்லை. அடகுச் சீட்டிலும் அப்படித்தான். 'தோடு, ஒரு சோடி, நாலு கிராம்' என்று எடை இருக்கும், கரட் இருக்கும், வட்டி இருக்கும், ஏலத் தேதி இருக்கும்.

தண்டட்டிகள் ஏறக்குறைய போய்விட்டன. உருக்கித் தோடாகவும், தோட்டை உருக்கிச் சங்கிலியாகவும், சங்கிலியை விற்று ஏஜென்சிக் காசாகவும் ஆக்கிவிட்டோம். மிஞ்சியதை இனிமேல் ஏலத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கி 'பழங்குடி நகை, சிலோன்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். அப்போதும் நாம் லைக் போடுவோம்.

அதனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் தம்பி தங்கச்சிமாரிடம் ஒரு வேலை கேட்கிறேன். பத்தனையில் படிக்கிறவர்கள், கொமர்ஷலில் வகுப்புக்கு வருகிறவர்கள், ரொசிட்டா, டிரேட்டன், ஸ்டோனிகிளிஃப் பக்கம் வீடு உள்ளவர்கள், யாராக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய நகை ஒன்றைப் படம் எடுங்கள். அது எத்தனை தரம் அடகு போனது, எதற்காகப் போனது, யார் மீட்டது என்று அம்மாயிடமோ அப்பாயிடமோ கேட்டு எழுதுங்கள். செய்தவர் பெயர் தெரிந்தால் அதை முதலில் எழுதுங்கள். டவுனில் வயசான பத்தர் யாராவது இருந்தால் அவரிடம் யாரிடம் தொழில் பழகினார் என்று கேளுங்கள், அவருடைய குருவின் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் போங்கள், பின்னேரம் நாலு மணிக்கு மேல் அவருக்கு வெளிச்சம் பத்தாது, கடையைச் சாத்திவிடுவார்.